அதிபர் எதை மறைக்கலாம்? நிர்வாகச் சிறப்புரிமையும் அதன் எல்லைகளும்

அமெரிக்க அதிபர் மீது புகார் கிளம்பும்போதெல்லாம் நம் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரு சொல் தலைகாட்டும்: ‘எக்சிகியூட்டிவ் பிரிவிலேஜ்’. அதிபரைக் கைது செய்ய முடியாது என்ற பொருளில் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அரசு ரகசியத்துக்கு அது இன்னொரு பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் வழக்கில் அப்படியோர் உரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. மூன்றாவது தவறுதான் சுவையானது, ஏனெனில் நடந்தது ஏறக்குறைய அதற்கு நேரெதிர்.

தமிழில் இதை ‘நிர்வாகச் சிறப்புரிமை’ என்று சொல்லலாம். சட்டமன்ற உறுப்பினர்கள் எழுப்பும் ‘உரிமை மீறல்’ பிரச்சினையில் வருகிற உரிமை வேறு, இது வேறு. அதிபரும் அவருடைய நெருங்கிய ஆலோசகர்களும் தமக்குள் பேசியதையும் எழுதியதையும் நீதிமன்றமோ நாடாளுமன்றமோ கேட்கும்போது, தர இயலாது என்று மறுப்பதற்காக அதிபர் முன்வைக்கும் கோரிக்கைதான் நிர்வாகச் சிறப்புரிமை. ‘கோரிக்கை’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பத்தில் பாதி, அதைக் கோரிக்கையாகப் பார்க்காமல் கட்டளையாகப் பார்ப்பதால் வருவது.

பெண்ணுக்கு வரன் பார்த்துவிட்டு வந்த இரவு

ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவு, பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். “பையன் தங்கமானவன்தான், அவன் அப்பா பேச்சுதான் சரியில்லை” என்கிறார் தாய்மாமன். “சொந்த வீடு என்றார்கள், எனக்கென்னவோ ஒத்திக்கு எடுத்த வீடு மாதிரித் தெரிகிறது” என்கிறார் அத்தை. பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் தம் முடிவைச் சொல்கிறார். இந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று முன்பே தெரிந்திருந்தால், மாமனும் அத்தையும் “நல்ல இடம்தான், அப்புறம் உங்கள் இஷ்டம்” என்று நழுவியிருப்பார்கள். நஷ்டம் பெண்ணுக்குத்தான்.

நிர்வாகச் சிறப்புரிமைக்குச் சொல்லப்படும் நியாயமும் இதுவே. போர் தொடுக்கலாமா, ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, இன்னாரை நீதிபதியாக நியமிக்கலாமா என்று அதிபர் கேட்கும்போது, ஆலோசகர் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாளைக்கே இது நாளிதழில் வருமோ என்ற அச்சம் வந்துவிட்டால் ஆலோசனையின் தரம் கெடும். தரங்கெட்ட ஆலோசனையின் விலையை நாடு கொடுக்கும்.

இப்போது அதே கூடத்தில், அதே சாத்திய கதவுக்குப் பின்னால், வேறொரு பேச்சு நடக்கிறது. “பக்கத்து வீட்டு நகையை நம் பையன்தான் எடுத்துவிட்டான். போலீஸ் வந்தால் அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள்” என்கிறார் வீட்டுத் தலைவர். மறுநாள் வாசலில் வந்து நிற்கும் ஆய்வாளரிடம், “வீட்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை” என்று அவர் சொன்னால் ஊர் சிரிக்கும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், வெளியே நிற்பவருக்குச் சாத்திய கதவு மட்டுமே தெரிகிறது. உள்ளே நடந்தது வரன் பேச்சா, திருட்டை மறைக்கும் பேச்சா என்பது யாராவது கேட்டால்தான் தெரியும். வீட்டுத் தலைவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டால், தம் வழக்குக்குத் தாமே நீதிபதி ஆகிவிடுவார். ஆய்வாளரை உள்ளே விட்டால், நகைத் திருட்டோடு வரன் பேச்சும் ஊர் முழுக்கப் பரவிவிடும். இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் ஒருவர் தனியாகக் கேட்டு, திருட்டு தொடர்பானதை மட்டும் ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை வெளியே சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டால் எப்படி? அமெரிக்க நீதிமன்றங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி இதுதான். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சுமார் 180 ஆண்டுகள் பிடித்தன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: மனம்விட்டுப் பேசும் இடத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயம், குற்றத்தை மறைக்க அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்துவது நியாயம் அன்று, இரண்டில் எது நடந்தது என்று யார் பார்த்துச் சொல்வது என்பதே கேள்வி.

அரசியலமைப்பில் இல்லாத சொல்

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் நிர்வாகச் சிறப்புரிமை என்ற சொல் எங்கும் அகப்படாது. அவையில் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று நாடாளுமன்றத்துக்கு வெளிப்படையாகவே ஒரு சிறப்புரிமையைத் தந்திருக்கிற அந்த ஆவணம், அதிபரின் ரகசியம் பற்றி மௌனம் காக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது? அதிகாரப் பிரிவினையிலிருந்து வந்தது என்பது பதில். சட்டம் இயற்றுவது ஒருவர், நடைமுறைப்படுத்துவது ஒருவர், தீர்ப்புச் சொல்வது ஒருவர் என்று ஆட்சியை மூன்றாகப் பிரித்து, ஒருவர் வேலையில் மற்றவர் அளவுக்கு மீறித் தலையிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அதிகாரப் பிரிவினை என்று பெயர். அதிபர் அலுவலகத்தின் ஒவ்வொரு தாளையும் நாடாளுமன்றம் கேட்ட மாத்திரத்தில் வாங்கிவிட முடியும் என்றால், அதிபர் தனித்து இயங்கும் ஓர் அமைப்பாக இருக்க முடியாது என்பது வாதம்.

வழக்கம் தொடங்கியது முதல் அதிபர் காலத்திலேயே. 1791 நவம்பரில் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் சென்ற அமெரிக்கப் படை, பூர்வகுடிகளின் கூட்டணியிடம் படுதோல்வி அடைந்து 600-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. என்ன நடந்தது என்று விசாரித்த பிரதிநிதிகள் சபை, அதாவது நாடாளுமன்றத்தின் கீழவை, 1792-ல் ஆவணங்களைக் கேட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் தம் அமைச்சர்களைக் கூட்டி யோசித்தார். வெளியிட்டால் பொதுநலனுக்குக் கேடு என்று தோன்றுபவற்றை அதிபர் மறுக்கலாம், ஆனால் இந்த விஷயத்தில் மறுக்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று, ஆவணங்கள் தரப்பட்டன. நான்கு ஆண்டு கழித்து, இங்கிலாந்துடன் செய்துகொண்ட ஜே ஒப்பந்தம் பற்றிய தாள்களை அதே சபை கேட்டபோது வாஷிங்டன் மறுத்துவிட்டார். ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது மேலவையான செனட்டின் வேலை, உங்களுடையது அன்று என்பது அவர் சொன்ன காரணம்.

1807-ல், முன்னாள் துணை அதிபர் ஆரன் பர் மீதான தேசத்துரோக வழக்கில், அதிபர் ஜெஃபர்சனிடம் இருந்த கடிதம் ஒன்று தேவைப்பட்டது. அதிபருக்கும் சம்மன் அனுப்பலாம் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். (சாட்சியையோ ஆவணத்தையோ கொண்டுவரச் சொல்லும் சட்டபூர்வ ஆணைதான் இங்கே சம்மன்.) நீதிமன்றத்துக்கு அதிபரைக் கட்டளையிடும் அதிகாரம் உண்டு என்பதை ஜெஃபர்சன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் கேட்ட தாள்களைத் தாமாக விரும்பித் தருவதுபோல் அனுப்பிவைத்தார். மானமும் போகக்கூடாது, வழக்கும் கெடக்கூடாது. கொள்கையை விட்டுக்கொடுக்காமல் பொருளை மட்டும் விட்டுக்கொடுக்கும் இந்தச் சாமர்த்தியம் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலான அதிபர்களுக்குக் கைகொடுத்தது. ‘எக்சிகியூட்டிவ் பிரிவிலேஜ்’ என்ற பெயரேகூட 1950-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. யாரும் கயிற்றை அறுபடும் அளவுக்கு இழுக்காததால், உரிமையின் எல்லை எது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை.

ஒலிநாடாவில் சிக்கிய உரையாடல்

1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தின் இரவுக் காவலர், கதவு ஒன்றின் பூட்டு நாக்கின் மேல் பசைநாடா ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்துப் பிய்த்தெறிந்தார். மறுபடி வந்து பார்த்தால் புது நாடா ஒட்டியிருந்தது. போலீஸை அழைத்தார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தேசிய அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவர்களை அனுப்பியவர்கள் அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் தேர்தல் பிரசாரக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்ற சந்தேகம் இருந்தபோதிலும், அந்த நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்று மீண்டும் அதிபரானார்.

1973-ல் செனட் அமைத்த விசாரணைக் குழுவின் முன், வெள்ளை மாளிகையின் முன்னாள் சட்ட ஆலோசகர் ஜான் டீன், மூடிமறைக்கும் பேச்சுகளில் அதிபரும் கலந்துகொண்டார் என்று சாட்சி சொன்னார். அதிபர் மறுத்தார். ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஜூலை 16 அன்று அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்னும் முன்னாள் உதவியாளரிடம், அதிபரின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஏதும் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றார் அவர். 1971 பிப்ரவரி முதலே ஓவல் அலுவலகத்தின் மேசைக்குள் ஒலிவாங்கிகள் பதிக்கப்பட்டிருந்தன. குரல் எழுந்தால் கருவி தானே ஓடத் தொடங்கும். நாட்டிலேயே மிக இறுகச் சாத்தப்பட்ட கதவுக்குப் பின்னால் நடந்த பேச்சு முழுவதும், அந்தக் கதவைச் சாத்தியவராலேயே பதிவு செய்யப்பட்டுப் பத்திரமாக இருந்தது.

வாட்டர்கேட்டை விசாரிக்க நியமிக்கப்பட்டிருந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், ஒன்பது ஒலிநாடாக்களைக் கேட்டு சம்மன் அனுப்பினார். நிக்சன் மறுத்தார். நீதிபதி ஜான் சிரிக்கா, முதலில் தாம் தனியாகக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, ஒப்படைக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போது நிக்சன் ஒரு சமரசம் பேசினார். நாடாக்களுக்குப் பதில் எழுத்துச் சுருக்கம் தருகிறேன், அது சரியா என்று செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் கேட்டுச் சரிபார்க்கட்டும் என்றார். ஸ்டென்னிஸ் நாணயமானவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை; காது மந்தம் என்பதும் ஊரறிந்தது. காக்ஸ் ஏற்கவில்லை. அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, அவரைப் பதவி நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். அதைச் செய்ய மனமில்லாமல் நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பதவி விலகினார், அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்து வெளியேறினார், மூன்றாம் இடத்தில் இருந்த ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். மக்களின் கொதிப்பைப் பார்த்து, சில நாடாக்களை ஒப்படைக்கவும், லியோன் ஜவோர்ஸ்கியைப் புதிய சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கவும் வெள்ளை மாளிகை இசைந்தது.

அந்த நாடாக்களில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. திருட்டு நடந்து மூன்று நாள் கழித்துப் பதிவான அதில், பதினெட்டரை நிமிடத்துக்கு இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. நாடாவை எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த செயலாளர் ரோஸ் மேரி உட்ஸ், தொலைபேசி ஒலித்ததும் அதை எடுக்கக் கை நீட்டியபோது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டதாகவும், காலடி மிதியிலிருந்து காலை எடுக்காததால் கொஞ்சம் அழிந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதுவும் ஐந்து நிமிடம் அளவுக்குத்தான் என்றார். அதை நடித்துக் காட்டிய புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஒரு கால் மிதியில், ஒரு கை பின்னால் தொலைபேசியில் என்று உடலை வில்லாக வளைத்திருப்பார். நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர்கள், குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டார்கள். அழித்தவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. வீட்டுத் தலைவரே தம் வீட்டுப் பேச்சைச் சலித்துத் தரட்டும் என்ற ஏற்பாட்டில் என்ன கோளாறு என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட இந்த இரைச்சல் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

1974 ஏப்ரலில் ஜவோர்ஸ்கி மேலும் 64 உரையாடல்களின் நாடாக்களைத் தரும்படி கேட்டார். நிக்சனோ, திருத்தப்பட்ட எழுத்துப்படிகளை 1,200-க்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளியிட்டு, ‘வசைச்சொல் நீக்கப்பட்டது’ என்ற குறிப்பைப் பக்கத்துக்குப் பக்கம் தூவி, இதற்கு மேல் எதுவும் கிடையாது என்று நின்றார். இந்த முறை கயிறு உண்மையிலேயே இறுகிவிட்டது.

தராசில் வைத்த தீர்ப்பு

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிக்சன் சார்பில் வாதிட்டவரின் பெயர் ஜேம்ஸ் செயின்ட் கிளேர்; 1792-ல் ஆவணக் கோரிக்கைக்குக் காரணமான ஜெனரலுக்கும் அதே குடும்பப் பெயர் என்பது வரலாற்றின் குறும்பு. 1974 ஜூலை 24 அன்று தீர்ப்பு வந்தது: எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, நாடாக்களை ஒப்படைக்கும்படி உத்தரவிட்டார்கள். ஒன்பதாமவரான ரென்குவிஸ்ட், நிக்சன் அரசின் நீதி அமைச்சகத்தில் பணியாற்றியவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கரையும், உடன்பட்டவர்களில் இருவரையும் நியமித்தவர் நிக்சனேதான்.

முதல் கேள்வி: யார் தீர்மானிப்பது? இந்த உரிமையின் எல்லையை அதிபரே வகுத்துக்கொள்வார் என்று நிக்சன் தரப்பு வாதிட்டது. சட்டம் இன்னது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்று 1803-லேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது என்றது தீர்ப்பு. சிறப்பு வழக்கறிஞரும் அதிபரின் நிர்வாகத்துக்குள்ளேயே இருப்பவர், எனவே இது குடும்பச் சண்டை, நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற வாதமும் எடுபடவில்லை.

இரண்டாம் கேள்வி: இப்படியோர் உரிமை உண்மையில் இருக்கிறதா? இருக்கிறது என்றது நீதிமன்றம். தொடக்கத்தில் நான் சொன்ன மூன்றாவது தவறு இங்கேதான் உடைகிறது. அதிபரின் உரையாடல்களுக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு, அது அதிகாரப் பிரிவினையில் வேரூன்றியது என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது இந்தத் தீர்ப்பில்தான். நிக்சன் தோற்றார், பின்னால் வந்த அதிபர்களுக்கு அவர் தோல்வியிலிருந்தே ஓர் ஆயுதம் கிடைத்தது.

மூன்றாம் கேள்வி: அந்த உரிமை முழுமையானதா? இல்லை. நீதிமன்றம் ஒரு தராசைக் கையில் எடுத்தது. ஒரு தட்டில், ‘ஆலோசனை ரகசியமாக இருக்க வேண்டும்’ என்ற பொதுப்படையான காரணம். மறு தட்டில், நடந்துகொண்டிருக்கும் ஒரு குற்ற வழக்குக்குக் குறிப்பிட்ட இந்த ஆதாரம் தேவை என்ற நிரூபிக்கப்பட்ட தேவை. இரண்டாவது தட்டு தாழ்ந்தது. என்றாவது ஒருநாள் ஒரு குற்ற வழக்கில் தம் பேச்சு வெளிவரக்கூடும் என்பதற்காக ஆலோசகர்கள் வாயடைத்துப்போய்விட மாட்டார்கள். ஆனால் தேவையான ஆதாரம் மறுக்கப்பட்டால் அந்த வழக்கின் நீதியே குலைந்துபோகும் என்பது தீர்ப்பின் கணக்கு.

இங்கே ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதிபர் அறையில் பேசியதையெல்லாம் கொண்டா என்று ஜவோர்ஸ்கி கேட்கவில்லை. அதிபரின் சந்திப்புக் குறிப்பேடுகளைப் பார்த்து, இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாரோடு நடந்த பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சுட்டி, அது வழக்கோடு எப்படித் தொடர்புடையது என்றும் காட்டினார். கிடைப்பது கிடைக்கட்டும் என்று வலை வீசியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம்.

அடுத்தது, முன்பு பார்த்த பொதுவான மூன்றாமவர். நாடாக்கள் நேரே வழக்கறிஞரின் கைக்குப் போகாமல் நீதிபதி சிரிக்காவிடம் போகும். அவர் தம் அறையில் தனியாகக் கேட்டு, வழக்குக்குத் தேவையானதைப் பிரித்துக் கொடுத்து, மற்றதை முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார். இதற்குத் தனியறை ஆய்வு என்று பெயர். ராணுவ, வெளியுறவு ரகசியங்கள் இருப்பதாக அதிபர் சொல்லியிருந்தால் தராசு வேறு விதமாகச் சாய்ந்திருக்கலாம் என்றும் தீர்ப்பு கோடிட்டது. நிக்சன் அப்படிச் சொல்லவில்லை.

ஒப்படைக்க வேண்டியிருந்த நாடாக்களில் 1972 ஜூன் 23 அன்று பதிவானதும் ஒன்று. திருட்டு நடந்து ஆறே நாளில், எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்தும்படி சி.ஐ.ஏ.வை விட்டுச் சொல்லவைக்கும் திட்டத்துக்கு அதிபர் சம்மதிப்பது அதில் கேட்டது. ஆகஸ்ட் 5 அன்று அதன் எழுத்துப்படி வெளியானது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

ஆக, 1974 தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்: உரிமை உண்டு, அது முழுமையானது அன்று, எடைபோடுவது நீதிமன்றம், குற்ற வழக்கின் குறிப்பான தேவை முன்னால் பொதுப்படையான ரகசியம் விட்டுக்கொடுக்கும்.

கேட்பவர் யார்?

அப்படியானால் யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டியதுதானா என்றால், இல்லை. இதே நாடாக்களில் ஐந்தைச் செனட் விசாரணைக் குழுவும் கேட்டிருந்தது. ஒலிப்பதிவு இருப்பதை உலகுக்கு வெளிக்கொணர்ந்ததே அந்தக் குழுதான். ஆனாலும் 1974 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் கோரிக்கையை நிராகரித்தது. சட்டம் இயற்றும் வேலைக்கு ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. அதிபரின் பதவி நீக்கத்தை ஆராயும் கீழவைக் குழுவிடம் நாடாக்களின் பிரதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே செனட் குழுவின் தேவை அத்தனை இன்றியமையாதது அன்று என்றது. குற்ற வழக்கில், இன்னார் இன்ன நாளில் இன்ன சொல்லைச் சொன்னாரா என்பதில் ஒருவர் சிறை செல்வதே அடங்கியிருக்கிறது. தராசு ஒன்றே, தட்டில் வைக்கும் தேவைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நாடாளுமன்றத்திடம் வேறொரு கோல் இருக்கிறது. சம்மனை மீறியதையே குற்றச்சாட்டாக்கி, பதவி நீக்கத் தீர்மானத்தில் சேர்க்கலாம். 1974 ஜூலை 30 அன்று கீழவையின் நீதிக் குழு, நிக்சன் மீதான மூன்றாவது குற்றச்சாட்டாக இதைத்தான் 21-க்கு 17 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு முறையே 27-ம் 28-ம் வாக்குகள் கிடைத்திருந்ததை நினைத்தால், ஆவணம் தர மறுப்பது அந்த அளவு பெரிய குற்றமா என்பதில் நிக்சனை எதிர்த்தவர்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது புரியும்.

இத்தகைய மோதல்கள் பெரும்பாலும் பேரம் பேசி முடிகின்றன. பேரம் முறிந்தால் காலம் அதிபர் பக்கம் நிற்கிறது. துப்பாக்கிக் கடத்தலைப் பின்தொடர்வதாகச் சொல்லி நடத்தப்பட்டு, ஆயுதங்கள் கைநழுவிப்போன ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ நடவடிக்கை பற்றிய ஆவணங்களுக்கு 2012 ஜூனில் அதிபர் ஒபாமா இந்தச் சிறப்புரிமையைக் கோரினார். ஒரு வாரத்தில் கீழவை அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்தது. அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடுக்க வேண்டியது ஹோல்டரின் கீழே இருந்த நீதி அமைச்சகம், அது தொடுக்கவில்லை. சிவில் வழக்கில் ஆவணங்களைத் தரும்படி நீதிபதி உத்தரவிட்டபோது 2016 ஜனவரி ஆகிவிட்டது. ஹோல்டர் பதவியை விட்டுப் போய்விட்டிருந்தார். ஒபாமாவுக்கு ஓராண்டு மிச்சமிருந்தது.

எது சிறப்புரிமை அன்று?

அரசு ரகசியம் என்பது தனிக் கோட்பாடு. ஆவணம் வெளியானால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரசு சொல்வது அது. பேசியவர் அதிபரா, விமானப்படைப் பொறியாளரா என்பது அங்கே பொருட்டில்லை. 1948-ல் விழுந்து நொறுங்கிய ராணுவ விமானத்தில் இறந்தவர்களின் மனைவியர், இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கில் விபத்து அறிக்கையைக் கேட்டபோது, உச்ச நீதிமன்றம் 1953-ல் அறிக்கையைத் தான் பார்க்காமலேயே அரசின் சொல்லை ஏற்றுக்கொண்டது. பல பத்தாண்டுகள் கழித்து அறிக்கை வெளியானபோது, அதில் அப்படியென்ன ரகசியம் இருக்கிறது என்று கேட்டுக் குடும்பத்தினர் மறுபடி வழக்காடித் தோற்றார்கள். நிக்சன் வழக்கின் தனியறை ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு கோட்பாடுகளின் தூரம் தெரியும்.

வழக்கு விலக்குரிமையும் வேறு. அதிபராகச் செய்த செயலுக்காக ஒருவரைக் குற்றக் கூண்டில் ஏற்ற முடியுமா என்பது அந்தக் கேள்வி. அலுவல்முறைச் செயல்களுக்குப் பரந்த பாதுகாப்பு உண்டு என்று 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது அதைப் பற்றித்தான். சிறப்புரிமை தாளைக் காக்கிறது, விலக்குரிமை ஆளைக் காக்கிறது. இரண்டும் உரசிக்கொள்ளும் இடங்கள் உண்டு என்றாலும் தொடங்குகிறவருக்கு இந்த வேறுபாடு போதும்.

உரிமை யாருக்குச் சொந்தம்?

ரகசியம் அதிபர் என்ற மனிதருக்காகவா, அந்தப் பதவிக்காகவா? பதவிக்காக என்பதே நீதிமன்றங்களின் போக்கு. 1977-ல் நிக்சன் தம் தாள்களுக்காக மறுபடி உச்ச நீதிமன்றம் போனபோது, முன்னாள் அதிபரும் இந்த உரிமையை எழுப்பலாம், ஆனால் பதவியில் இருப்பவர் அதை ஆதரிக்காதபோது அதன் வலு குறைகிறது என்று தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் டிரம்ப் ஆதரவாளர்கள் நடத்திய வன்முறையை விசாரித்த கீழவைக் குழு, டிரம்ப் காலத்து ஆவணங்களைக் கேட்டபோது இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. கொடுக்கலாம் என்றார் அப்போதைய அதிபர் பைடன்; கூடாது என்றார் அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்ப். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. ஆவணங்கள் குழுவின் கைக்குப் போயின.

ஆலோசகருக்கு இந்த உரிமை சொந்தமே இல்லை. அதே குழு அனுப்பிய சம்மனுக்கு, டிரம்பின் வணிக ஆலோசகராக இருந்த பீட்டர் நவாரோ வரவும் இல்லை, ஒரு தாளைத் தரவும் இல்லை. அதிபர் சிறப்புரிமை கோரியிருக்கிறார், என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்றார். டிரம்ப் அப்படி முறைப்படி கோரியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்ட நீதிபதிக்கு அவரால் எதையும் காட்ட முடியவில்லை. 2023 செப்டம்பரில் நாடாளுமன்ற அவமதிப்புக்காக அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. நான்கு மாதத் தண்டனையை அனுபவிக்க, 2024 மார்ச் 19 அன்று மயாமியில் உள்ள மத்தியச் சிறைக்குள் நுழைந்தார்.